தங்கம் விலை ஏறும்போதெல்லாம் ஏறும் கடன்

கேள்வி: எனக்கு வயது 28. தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் அம்மா, தங்கச்சியுடன் வசிக்கிறேன். டெக்னோ இசை தயாரிப்பதும் டீஜேயாக வாசிப்பதும் என் தொழில். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான சுற்றுலாச் சீசனில் மிரிஸ்ஸ, ஹிக்கடுவ, எல்ல பகுதிகளில் மாதம் 90,000 ரூபாய் கிடைக்கும். போக்குவரத்தும் தங்குமிடமும் போக 70,000 மிஞ்சும். மற்ற ஏழு மாதங்களும் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி வேலை செய்து மாதம் 30,000 சம்பாதிக்கிறேன். வீட்டுக்கு மாதாமாதம் 20,000 கொடுக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டு நகை 5 பவுணை 2 இலட்சத்துக்கு அடகு வைத்து, பாட்டுகளைக் கலந்து வாசிக்கும் கன்ட்ரோலரும் ஸ்பீக்கரும் வாங்கினேன். பிறகு, தாளம் எழுப்பும் டிரம் மெஷினுக்காக 1½ இலட்சம் கூட்டி எடுத்தேன். இப்போது அடகுச் சீட்டில் கடன் 6 இலட்சமாக நிற்கிறது. வட்டி மாதம் 2 வீதம். தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் 4 இலட்சம் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். பெரிய மேடை கிடைக்க, பாவித்த பிளேயரும் (பாட்டை ஓட்டும் கருவி) மிக்சரும் (பாட்டுகளைக் கலக்கும் கருவி) வாங்கலாமா? அல்லது நண்பர் சொல்லும் டொலர் செயலியில் மாதம் 5 வீத இலாபத்துக்குப் போட்டுக் கடனை அடைக்கலாமா?

பதில்: அன்புத் தம்பிக்கு, சீசன் தொழிலில் வரவு ஏறி இறங்கும் என்பதும், கிடைத்ததில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆகவே நேராக அடகுச் சீட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதிய எண்களைக் கூட்டிப் பாருங்கள். பொருள் வாங்கப் போனது 3½ இலட்சம்; சீட்டில் நிற்பது 6 இலட்சம். இடையிலுள்ள 2½ இலட்சத்துக்கு நீங்கள் எந்தப் பொருளையும் குறிப்பிடவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் வட்டி கட்ட வழியின்றி, தங்கத்தின் விலை ஏறிய ஒவ்வொரு தடவையும் சீட்டை உயர்த்தி (அதே நகைக்குக் கூடுதல் கடன் வாங்கி), வாங்கிய பணத்திலேயே பழைய வட்டியைக் கட்டியிருக்கிறீர்கள் என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன். உங்களைக் கெடுப்பது டெக்னோவும் அல்ல, முதலில் வாங்கிய 2 இலட்சமும் அல்ல. இந்தச் சீட்டு உயர்த்தும் பழக்கந்தான். நகையின் விலை ஏறியதை உங்கள் வருமானம் ஏறியதாக எண்ணிக் கடன் வாங்குகிறீர்கள். அந்த ஏற்றம் நகைக்கு உரியவர்களைச் சேர வேண்டியது. அவர்களில் ஒருவர், என்றாவது கல்யாணம் செய்யப்போகும் உங்கள் தங்கச்சி.

6 இலட்சத்துக்கு 2 வீதம் என்றால் மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. அம்மா கொழுந்து பறிப்பவராக இருந்தால், 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும், மாத வட்டிக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்பது பேர், அதாவது ஒன்பது முழு நாள் வேலை, போக வேண்டும். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் இன்னும் கூடும். கடைக்காரர் சொல்வதுபோல் 10 இலட்சமாக்கினால் வட்டி மாதம் 20,000, அதாவது நீங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் அதே தொகை. அவர் உங்கள் திறமையை மதித்து 4 இலட்சம் தர முன்வரவில்லை. நகை மீட்கப்படாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை.

பிளேயர் வாங்கினால் பெரிய மேடை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். ஒழுங்கான கிளப்பும் விழாவும் பிளேயரையும் மிக்சரையும் தாங்களே வைத்திருக்கும். டீஜே பாட்டுகள் ஏற்றிய யூஎஸ்பியையும் ஹெட்போனையும் கொண்டுபோனால் போதும். சொந்தமாக வைத்திருப்பதற்காகப் பொதுவாகக் கூடுதல் சம்பளம் கிடைப்பதில்லை. வீட்டுப் பயிற்சிக்குக் கன்ட்ரோலர் இருக்கிறது. உங்கள் இசையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1980இல் வந்த ரோலண்ட் டீஆர்-808, 1983இல் வந்த டீஆர்-909 ஆகிய டிரம் மெஷின்கள் சந்தையில் எடுபடாமல் உற்பத்தி நிறுத்தப்பட்டு, பாவித்த பொருளாக மலிவு விலைக்கு வந்த பிறகுதான் டெக்னோ பிறந்த டெட்ரொயிட் நகரத்திலும் சிக்காகோவிலும் இருந்த இளைஞர்களின் கைக்கு எட்டின. இன்று அந்தப் பழைய மெஷின்களுக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இணையத்தில் உங்கள் பாட்டைக் கேட்பதால் வரும் ஸ்ட்ரீமிங் வருமானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை செயலி வருமானத்தில் பங்கு தருவதில்லை.

டொலர் செயலியைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமையில்லை. மாதம் 5 வீதம் உறுதியாக வரும் தொழிலை வைத்திருப்பவர், தலவாக்கலையில் அடகு வைத்தவரைத் தேடி வர மாட்டார். ஆள் சேர்த்தால் உங்களுக்கும் பங்குண்டு என்று நண்பர் சொன்னால் அது பிரமிட் திட்டம். நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் இலங்கைச் சட்டப்படி குற்றம்.

இனிச் செய்ய வேண்டியது. சீசன் மாதத்தில் மிஞ்சும் 70,000இல் வீட்டுக்கு 20,000, உங்கள் செலவுக்கு 10,000 போக 40,000 நிற்கும்; ஐந்து மாதத்தில் 2 இலட்சம். இப்போதைய வட்டிக்கே 1,44,000 போய்விடுவதால் அசலில் 56,000தான் குறையும். ஆகவே வட்டியைக் குறைப்பதே முதல் வேலை. அரச வங்கிகளின் நகை அடகு வட்டி தனியார் கடைகளைவிடப் பொதுவாகக் குறைவு. ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 84,000 ஆகும். அசலில் 1,16,000 குறையும். பாவிக்காமல் கிடக்கும் கருவி ஏதும் இருந்தால், உதாரணமாக அந்த டிரம் மெஷினின் வேலையை இப்போது மடிகணினியே செய்கிறதென்றால், அதை விற்றுவிடுங்கள். 80,000 கிடைத்தால், நான்காவது சீசன் முடிவதற்குள் நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும்.

வங்கிக்கு மாற்ற நகை கையில் இருக்க வேண்டும், கையில் இருக்க 6 இலட்சம் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள முடிச்சு. ஒரே சீட்டைத் தனித்தனிச் சீட்டுகளாகப் பிரித்துத் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு பவுணின் பங்கு 1,20,000. மெஷின் விற்ற காசோடு சீசனின் முதல் மாத மிச்சம் 40,000ஐச் சேர்த்துத் வீட்டு நகையில் ஒரு பவுணை மீட்டு, வங்கியில் வைத்து, அந்தப் பணத்தால் அடுத்த பவுணை மீட்டெடுங்கள். வங்கி கூடுதலாகத் தரத் தயாராக இருக்கும்; 1,20,000க்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. கடைசிப் பவுணும் வங்கிக்குப் போனதும் கையில் சுழன்ற 1,20,000ஐ அசலில் கட்டிவிடுங்கள்.

தெற்குக் கடற்கரையின் சீசன் ஏப்ரலில் முடியும்போது கிழக்கே பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம்பேயில் தொடங்குகிறது. பண்டாரவளை, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்குப் போய் மாதம் இரண்டு இரவு வாசித்தாலும் வட்டிக்குத் தனியாக வழி பிறக்கும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். பொழுது விடிந்த பிறகு விருந்து நடத்தியவரைத் தேடுவது உங்கள் தொழிலில் சாதாரணமாகிவிட்டது.

இந்த வாரமே கடைக்குப் போய், இன்றைய தேதிக்கு அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடைசித் தவணை எப்போது என்பதை எழுதி வாங்குங்கள். போகும்போது தங்கச்சியையும் அழைத்துச் செல்லுங்கள்.