புல்லாங்குழல் கையால் செய்வது எப்படி? துளை போடும்போது மூங்கில் பிளக்கிறது, மேல் ஸ்தாயியும் (உயர்ந்த சுரங்களும்) சுருதி சேரவில்லை. எங்கே தப்பு?

பிளப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிரில்தான். மூங்கிலில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. டிரில் பிட் அதைக் கவ்வி இழுத்ததும் துளை ஓரத்திலிருந்து வெடிப்பு கிளம்பிவிடும். குழல் செய்பவர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளை போடுவது இதனால்தான்.

ஆனால் அதற்கு முன்பே மூங்கில் சரியாக அமைய வேண்டும். பந்தலுக்கு வரும் கல் மூங்கில் உதவாது. சுவர் தடிமன், உள்குழி சிறிது. கணுவுக்குக் கணு நீளம் உள்ள, சுவர் 2 முதல் 3 மி.மீ. இருக்கிற, உள்குழி வட்டமான மூங்கில் வேண்டும். நிழலில் மாதக்கணக்கில் காய வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே கம்பியைத் தொடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் குழல் செய்து முடித்த பிறகும் சுருங்கும், சுருதியும் கூடவே நகரும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளம் சுமார் 39.7 செ.மீ. ஊதும் துளையிலும் திறந்த நுனியிலும் காற்று சற்று வெளியே தள்ளி அதிர்வதால், உண்மையில் அதைவிடச் சில செ.மீ. குறைவாகவே வேண்டியிருக்கும். எவ்வளவு என்பது குழிக்குக் குழி மாறும். அதனால் நீளமாகவே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

முதலில் ஊதும் துளை. 9, 10 மி.மீ. அளவில் லேசான நீள்வட்டம் போதும். உதட்டுக்கு எதிரே உள்ள ஓரம்தான் குழலின் உயிர். காற்று அங்கே மோதித்தான் பிளக்கிறது. அது கூராக இருக்க வேண்டும். கரியோ பிசிறோ ஒட்டியிருந்தால் நாதத்தைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். உள்பக்கக் கரியை உருண்டை அரத்தால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள்.

மேல் ஸ்தாயிச் சிக்கல் பெரும்பாலும் தக்கையில், அதாவது ஊதும் துளைப் பக்க முனையை உள்ளே அடைக்கும் அடைப்பானில் இருக்கிறது. ஊதும் துளையின் நடுவிலிருந்து தக்கை வரை உள்ள தூரம் ஏறக்குறைய உள்குழியின் விட்டம் அளவு இருக்கட்டும். தள்ளிப் போனால் மேல் ஸ்தாயி இறங்கும், நெருங்கினால் ஏறும். ஒவ்வொரு மி.மீ. ஆக நகர்த்திப் பாருங்கள். கணுவையே அடைப்பாக விட்டுவிட்டால் இந்தத் திருத்தத்துக்கு வழியே இல்லை.

கர்நாடகக் குழலில் விரல் துளை எட்டு. கடைசித் துளை பொதுவாகத் திறந்தே இருக்கும், ஏழில் விரல் வைக்கிறோம். இது புதிய பழக்கமல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையிலேயே 20 விரலகல நீளக் குழலுக்கு எட்டுத் துளை சொல்லி, அதில் ஒன்றை முத்திரை என்று நீக்கி ஏழில் ஊதச் சொல்கிறார். படிக்கும்போது சிலிர்க்கிறது.

நுனிப்பக்கத் துளையில் தொடங்கி ஊதும் துளையை நோக்கி வாருங்கள். 4 மி.மீ. கம்பியால் தொடங்குங்கள், அழுத்தாமல் சுழற்றி இறக்குங்கள். துளை பெரிதானால் சுருதி ஏறும். ஊதும் துளைப் பக்க ஓரத்தை அரித்தால் இன்னும் வேகமாக ஏறும். சுட்ட சூட்டில் சுருதி பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) ஏறும். சூட்டோடு சேர்த்த குழல் ஆறியதும் இறங்கி நிற்கும். நன்றாக ஆறவிட்டு, சுருதிப்பெட்டியோடு வைத்து, எப்போதும் ஒரே கோணத்தில் ஊதிப் பாருங்கள். உதடு துளையை அதிகமாக மூடினாலே சுருதி இறங்கிவிடும், அதைத் துளையின் குறை என்று நினைத்து அரித்துவிடக் கூடாது. அளவு மீறிவிட்டால் அந்த ஓரத்தில் தேன்மெழுகு வைத்துக் குறைக்கலாம், ஆனால் அது ஒட்டுதான்.

கடைசியாக, குச்சியில் துணி சுற்றி உள்ளே மெல்லியதாக எண்ணெய் தடவி, இரு முனையிலும் நூலை இறுக்கமாகச் சுற்றுங்கள். வெடிப்பு வெட்டிய முனையில்தான் தொடங்கும். ஏசி அறையில் வைக்கிற குழலுக்கு நடுவிலும் இரண்டு கட்டு போடுங்கள்.