வாசகர் கேள்வி – பதில்: குதிரையில் உள்ள ஆண்டு மாண்டலினின் வயதாகுமா?

கேள்வி: என் தாத்தா பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடன் பணியாற்றிய ஆங்கிலோ இந்திய நண்பர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த மாண்டலின் எங்களிடம் இருக்கிறது. பேரிக்காய் வடிவம், நடுவே முட்டை வடிவத் துளை. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் அடியில் 1921 என்று பொறித்திருக்கிறது. பழைய ஃபோக் ராக் இசைத்தட்டு உறைகளில் கலைஞர்கள் கையில் இருக்கும், அமெரிக்க இசைக்கருவி நிறுவனமான கிப்ஸனின் மாண்டலின் இதுதான், 1921இல் செய்தது என்கிறார் பார்த்தவர் ஒருவர். நம்பலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: அந்த ஆண்டை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். தந்திகளின் உயரத்தைச் சிறு சக்கரங்களைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் குதிரைக்குக் கிப்ஸன் நிறுவனம் காப்புரிமை பெற்ற நாள் 1921 ஜனவரி 18. பின்னாளில் செய்த குதிரைகளிலும் அதே நாளைப் பொறித்தார்கள். குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது என்பதால், அது வேறொரு கருவியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, சிறு டார்ச்சையும் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கண்ணாடியையும் கொண்டு துளைக்குள் பாருங்கள். பின்பலகையில் ஒட்டிய தாளில் மாதிரியின் பெயரும் வரிசை எண்ணும் கையால் எழுதப்பட்டிருக்கும். தாள் செல்லரித்துப் போயிருந்தாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள மரக்கட்டையில் தொழிற்சாலை எண் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. தலைப்பகுதியில் தந்தி தாண்டும் இடத்துக்கு மேலே மணி வடிவில் ஒரு சிறு தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்துக்குள் செல்லும் இரும்புக் கம்பியை முடுக்கும் இடத்தை மூடும் அந்தத் தகடு 1920களின் தொடக்கத்தில்தான் வந்தது. விலை குறைந்த சில மாதிரிகளின் தலையில் நிறுவனத்தின் பெயரே இராது என்பதால், பெயரைக் காணோமே என்று மனம் தளர வேண்டாம்.

இசைத்தட்டு உறையில் உள்ள படத்தைக் கொண்டு இவ்வளவு தூரம் போக முடியாது. உடலின் வடிவம், துளை, தலை ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் எந்த வகை, ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லலாம், அவ்வளவே. பேரிக்காய் உடலும் முட்டைத் துளையும் இருந்தால் அது கிப்ஸனின் 'ஏ' வகையாக இருக்கலாம். தோளில் மரச்சுருளும் வயலினில் உள்ளது போன்ற இரு துளைகளும் இருந்தால், கிப்ஸனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் பணியில் இருந்தபோது 1922இல் வந்த எஃப்-5 மாதிரி நினைவுக்கு வரும். ஆனால் 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துச் செய்தன. ஆகவே, பிரிட்டிஷ் ஃபோக் ராக் குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் டேவ் ஸ்வார்ப்ரிக்கோ தி பேண்ட் குழுவின் லெவோன் ஹெல்மோ மாண்டலினுடன் நிற்கும் படத்தைக் காட்டி, உங்கள் கருவியும் அதுவும் ஒன்றே என்று ஒருவர் சொன்னால், ஒரே வகை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எண்ணைப் படித்துப் படம் எடுத்து வைக்கும்வரை பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில், தந்தியை முறுக்கும் டியூனர் துருப்பிடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கழற்றிய பழையதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். சுரண்டிய பழைய வார்னிஷ் திரும்ப வராது.

கேள்வி: ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே' பாடலில் மாண்டலின் வாசித்தவர் யார்?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: லிண்டிஸ்ஃபார்ன் என்ற பிரிட்டிஷ் ஃபோக் ராக் குழுவின் ரே ஜாக்சன். 1971இல் வந்த இசைத்தட்டின் உறையில், மாண்டலின் வாசித்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர், பெயர் நினைவில் இல்லை என்று அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் பாடலின் முடிவு இன்றும் நினைவில் நிற்பதே அவருடைய விரல்களால்தான் என்பதால், அது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.