கோபம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்

கேள்வி: "கத்தோலிக்க அறநெறி இறையியல் சொல்லும் நற்பண்புகள் எல்லாம் கிரேக்கர்களிடமிருந்து எடுத்தவைதானே? இஸ்லாமிய நூல்களிலும் கிட்டத்தட்ட அதே பட்டியல் இருக்கிறது. அப்படியென்றால் மதம் இதில் புதிதாக என்ன சேர்த்தது?"

பட்டியல் கிரேக்கர்களுடையதுதான். இதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை, திருச்சபை மறைத்ததும் இல்லை. விவேகம், நீதி, மனத்திடம், அளவுடைமை ஆகிய நான்கையும் பிளேட்டோ 'குடியரசு' நூலிலேயே வரிசையாகச் சொல்லிவிட்டார். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 8:7-இல் அதே நான்கும் வருகின்றன. அந்த நூலே ஒரு யூதர் கிரேக்க மொழியில் எழுதியது. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் அவற்றுக்குத் 'தலையாய' நற்பண்புகள் என்று பெயர் வைத்தார். இன்னொரு பக்கம், அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' அரபிக்குப் போனது. 1030-இல் இறந்த பாரசீக அறிஞர் மிஸ்கவைஹ் அதை வைத்துப் பண்பாட்டுப் பயிற்சி பற்றி ஒரு நூலே எழுதினார். இஸ்லாமிய இறையியலாளர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) ஹிக்மத் (விவேகம்), ஷஜாஅத் (மனத்திடம்), இஃப்பத் (அளவுடைமை), அத்ல் (நீதி) என்று அதே நான்கை வைத்துத்தான் தொடங்குகிறார். அப்புறம் முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலின் அந்த நூலுக்கு எழுதிய உரை 1240-இல் டொலேடோவில் லத்தீனுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினா அரிஸ்டாட்டிலை 'தத்துவஞானி' என்றும் இப்னு ருஷ்தை 'உரையாசிரியர்' என்றும்தான் குறிப்பிடுவார், பெயர் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லாத அளவுக்கு அவர்கள் பரிச்சயமானவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் மதித்து, பல இடங்களில் சண்டை போட்டு, எடுத்து வளர்த்த வரலாறு இது.

ஆனால் பட்டியலை ஒப்பிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. ஒரே ஒரு பண்பை எடுத்து, அது ஒரு மனிதனுக்குள் எப்படி வருகிறது என்று அரிஸ்டாட்டில், கஸ்ஸாலி, தோமா மூவரிடமும் கேட்க வேண்டும். நான் கோபத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த நூல்களை நான் படிக்கத் தொடங்கியதே அதனால்தான்.

என் அப்பா நான்கு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார். பார்த்துக்கொண்டது பெரும்பாலும் நான்தான். இரவில் ஐந்தாறு முறை கூப்பிடுவார், போனால் எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்திருப்பார். முதல் சில மாதங்கள் கத்தினேன். பிறகு கத்துவதை நிறுத்தினேன், கடுஞ்சொல் ஒன்றுகூட வரவில்லை, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு பொறுமை என்று பாராட்டினார்கள். உள்ளே எரிந்துகொண்டே இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இது பொறுமையா, நடிப்பா என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

அரிஸ்டாட்டில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறார், அந்தப் பதில் வலித்தது. கோபமே கூடாது என்று அவர் சொல்வதில்லை. சரியான ஆளிடம், சரியான காரணத்துக்காக, சரியான அளவில், சரியான நேரத்தில் கோபப்படுகிறவனைத்தான் அவர் பாராட்டுகிறார். கோபப்பட வேண்டிய இடத்திலும் கோபப்படாதவனை மூடன் மாதிரிதான் பார்க்கிறார். யாழ் வாசித்து வாசித்து யாழ் கலைஞர் ஆவது போல, நீதியான செயல்களைச் செய்து செய்துதான் நீதிமான் ஆகிறோம் என்பது அவர் வழி. சரி, அதுவரை எனக்கு ஒத்துவந்தது. ஆனால் அவர் இன்னொரு கோடும் போடுகிறார்: ஆசையோடு மல்லுக்கட்டிச் சரியானதைச் செய்கிறவன் ஒருவன், மல்லுக்கட்டே இல்லாமல் விருப்பத்தோடு செய்கிறவன் இன்னொருவன். இரண்டாமவனிடம் இருப்பதுதான் நற்பண்பு. முதலாமவனிடம் இருப்பது வெறும் தன்னடக்கம், நல்லதுதான், ஆனால் ஒரு படி கீழே. அவர் கணக்குப்படி நான்கு ஆண்டுகள் நான் கீழ்ப்படியிலேயே நின்றேன்.

அப்போது ஒரு முஸ்லிம் நண்பர்தான் குர்ஆன் 3:134-ஐக் காட்டினார். கோபத்தை விழுங்கிக்கொள்கிறவர்கள், மனிதர்களை மன்னிக்கிறவர்கள் என்று அந்த வசனம் புகழ்கிறது. விழுங்குவது என்றால் தொண்டையில் நிற்கும் ஒன்றை உள்ளே தள்ளுவதுதானே? எரிச்சலே வராதவர்கள் என்று அங்கே சொல்லவில்லை. மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவன் பலசாலி அல்ல, கோபத்தின்போது தன்னைக் கட்டுப்படுத்துகிறவனே பலசாலி என்ற நபிமொழியும் அதே திசைதான். கிரேக்கர் ஒரு படி கீழே வைத்ததை இங்கே இறைவன் விரும்புகிறான் என்று சொல்லப்படுகிறது. அந்த நாளில் எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

அப்புறம் கஸ்ஸாலியைத் தேடிப் படித்தேன். 'இஹ்யா உலூமுத்தீன்' 40 பகுதிகள் கொண்டது, அதில் ஒரு பகுதியில் கோபத்துக்கென்றே கணிசமான இடம் ஒதுக்கியிருக்கிறார். கோபத்தை வேரோடு பிடுங்கச் சொல்லாமல், வேட்டை நாயைப் பழக்குவது போலப் பழக்கச் சொல்கிறார். அழகாக எழுத விரும்புகிறவன் முதலில் தேர்ந்த எழுத்துக் கலைஞனின் கையெழுத்தை வலிந்து பார்த்துப் போட வேண்டும், நாளடைவில் அந்தக் கையெழுத்து அவனுடையதாகிவிடும் என்கிறார். அரிஸ்டாட்டிலின் யாழ் அப்படியே ஞாபகம் வருகிறதா? ஆனால் கஸ்ஸாலியிடம் அதற்கு மேல் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று நிய்யத், அதாவது எண்ணம். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸே செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதுதான். பார்க்க வந்தவர்கள் பாராட்டுவதற்காகப் பொறுத்தேன் என்றால் அது முகஸ்துதி, அவர் அதை நோய் என்றே பேசுகிறார். இரண்டு, உதவி. 'மீஸானுல் அமல்' நூலில், அந்த நான்கு கிரேக்கப் பண்புகளோடு, இறைவன் தரும் வழிகாட்டல், நேர்ப்படுத்தல், பலப்படுத்தல் போன்றவற்றையும் சேர்க்கிறார், அவை இல்லாமல் மனிதனின் முயற்சி மட்டும் போய்ச் சேராது என்பதற்காக. ஆக, கஸ்ஸாலி கிரேக்கத்தை அரபியில் எழுதினார் என்பது அவரைப் படிக்காதவர்கள் சொல்லும் பேச்சு.

கத்தோலிக்கத்துக்கு வருகிறேன். தோமாவின் 'சும்மா' (லத்தீனில் 'தொகுப்பு' என்று பொருள்) நூலின் இரண்டாம் பகுதி 303 கேள்விகள் நீளம், ஏறக்குறைய முழுவதும் மனிதச் செயல்களும் நற்பண்புகளும்தான். பழகிப் பழகி வரும் பண்புகளை அவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அவற்றோடு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றை வைக்கிறார், இவை பயிற்சியால் வரவே வராது, கடவுள் உள்ளத்தில் பொழிகிறார் என்கிறார். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்தத் தலையாய பண்புகளிலும் அருளால் பொழியப்படும் வேறொரு வகை உண்டு என்று அவர் சொல்வது. உணவில் அளவுடைமை என்றால் அறிவு கேட்பது உடம்புக்குக் கெடுதல் வராமல் இருப்பது, அவ்வளவுதான். அருளால் வரும் அளவுடைமை நோன்பு வரை போகும். வெளியே ஒரே பெயர், ஆனால் இலக்கு வேறு, அதனால் அளவும் வேறு.

என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டாம் பகுதியின் முதல் பிரிவில் 65-ஆம் கேள்வியில் வரும் ஒரு சிறிய மறுமொழி. பழைய பழக்கங்களின் மிச்சம் உள்ளே கிடப்பதால், பொழியப்பட்ட பண்பு ஒருவனிடம் உண்மையாகவே இருந்தும் அதன்படி நடப்பது அவனுக்குக் கஷ்டமாக இருக்கலாம் என்று தோமா எழுதுகிறார். இதை அரிஸ்டாட்டிலால் எழுத முடியாது, ஏனென்றால் அவருக்குப் பண்பு இருப்பதற்கு அடையாளமே அது இனிப்பாக வருவதுதான். உள்ளே எரிந்துகொண்டே அப்பாவின் படுக்கையை மாற்றிய அந்த இரவுகளில் அன்பு இல்லாமல் போய்விடவில்லை என்று நம்புவதற்கு எனக்கு அந்த ஒரு பத்தி போதுமாக இருந்தது.

அதைவிடப் பெரிய வேறுபாடு அன்பு பற்றியது. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள தூரம் நட்புக்கு இடம் கொடுக்காது என்பது அரிஸ்டாட்டிலின் எண்ணம். தோமாவோ இறையன்பு என்பதையே கடவுளோடு உள்ள நட்பு என்று வரையறுக்கிறார், மற்ற எல்லாப் பண்புகளுக்கும் அதுதான் உயிர் என்கிறார். இஸ்லாத்திலும் இப்ராஹீம் நபி இறைவனின் தோழர் எனப்படுகிறார், இறைநேசம் பற்றிக் கஸ்ஸாலி எழுதியிருப்பது நெஞ்சை உருக்கும். ஆனால் 2 பேதுரு 1:4 சொல்வது போல மனிதன் இறை இயல்பிலேயே பங்கு பெறுகிறான் என்ற பேச்சைத் தவ்ஹீத், அதாவது இறைவன் ஒருவனே என்ற இஸ்லாமியக் கொள்கை, ஏற்காது. மனிதன் தூய ஃபித்ராவோடு (இயல்போடு) பிறக்கிறான் என்பது அவர்கள் நிலை. பிறப்பிலேயே ஒரு காயம் உண்டு என்பது கத்தோலிக்கரான எங்கள் நிலை. இவற்றை மழுப்பி எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை, முஸ்லிம்களை மதிக்கிறோம், அவர்கள் அறவாழ்வைப் போற்றி, செபத்தாலும் தருமத்தாலும் நோன்பாலும் கடவுளை வழிபடுகிறார்கள் என்று சொன்னபோதுகூட, அவர்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. சிறுவயதில் எனக்கு மறைக்கல்வியில் கிடைத்தது பாவங்களின் பட்டியல், எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்ற கணக்கு. ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) உதவும் கையேடுகள் வழியாகவே அறநெறி பல நூற்றாண்டுகள் கற்பிக்கப்பட்டதன் விளைவு அது. 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் 1803-ஆம் எண்ணிலிருந்து நற்பண்புகளுக்கென்றே தனி இடம் கொடுத்திருக்கிறது, ஆனாலும் அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நீங்களே படிக்க விரும்பினால், முழு நூல்களில் இறங்க வேண்டாம். 'நிக்கோமாக்கிய அறவியல்' நான்காம் நூலின் ஐந்தாம் அத்தியாயம், 'இஹ்யா'வில் கோபம் பற்றிய பகுதி, 'சும்மா'வின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில் 157, 158 கேள்விகள், இந்த மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு யார் மீது கோபமோ அவரை மனதில் நினைத்துக்கொண்டு படியுங்கள்.