ஆச்சியோடு காளான் பறிக்கப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலை மாற்றத்தில் சென்னையிலிருந்து தென்காசிப் பக்கம் வந்து குடியிருக்கிறோம். ஊருக்கு மேற்கே தோப்புகள், அதைத் தாண்டினால் மலையடிவாரக் காடு. இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி ஓலைப்பெட்டியோடு கிளம்பிப் போய்க் காளான் பறித்து வருகிறார்கள். "அடுத்த மழைக்கு நீயும் வாம்மா, இடம் காட்டித் தாரேன்" என்கிறார்கள். கடையில் டப்பாவில் விற்கிற மொட்டுக் காளானைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போகலாமா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: கண்டிப்பாகப் போங்கள். காட்டுக் காளானைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட, அதே மண்ணில் ஆயுள் முழுக்கப் பறித்துச் சாப்பிட்ட ஒருவர் பின்னால் நடந்து கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல், அந்த வாய்ப்பு உங்களுக்கு வீட்டு வாசலிலேயே வந்திருக்கிறது. ஆனால் முதல் நாளே பத்து வகை கற்றுக்கொள்ள நினைக்காதீர்கள். ஒரே ஒரு காளானை, புற்றுக் காளானை மட்டும், தலை முதல் வேர் வரை தெரிந்துகொண்டு வந்தால் போதும். மற்றதெல்லாம் அன்றைக்கு வெறும் வேடிக்கை.

புற்றுக் காளானைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது கண்ட இடத்தில் முளைக்காது. கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தூளையும் மென்று, மண்ணுக்கடியில் தேன்கூடு போன்ற ஒரு அமைப்பைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. தாங்களே செரிக்க முடியாததைப் பூஞ்சை செரித்துக் கொடுக்க, அதைத் தின்று வாழ்கின்றன. மழையில் மண் நனைந்து இளகியதும் அந்தத் தோட்டத்திலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதனால்தான் ஆச்சிக்கு இடம் தெரிகிறது. கூடு உயிரோடு இருக்கிறவரை வருஷா வருஷம் அதே புற்றடியில், அதே பருவத்தில் வரும். இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று 1942-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே ஹெய்ம். அவர் பெயரைத் தாங்கிய ஒரு வகையை 1979-இல் அறிவியலுக்கு விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன். நம் ஊர் ஆச்சிகளுக்கு அதெல்லாம் அதற்கு வெகு காலம் முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆச்சி முதல் காளானைக் காட்டியதும் உடனே பிடுங்கிவிடாதீர்கள். குந்தி உட்கார்ந்து பாருங்கள். குடையின் நடு உச்சியில் கூர்மையாக ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும், மண்ணைத் துளைத்து வந்தது அந்த முனைதான். குடை வெள்ளையிலிருந்து சாம்பல் பழுப்பு வரை இருக்கலாம், விரிந்த பிறகு ஓரம் கிழிந்திருக்கும். அடியில் இருக்கும் மடிப்புகள் தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளியே நிற்கும், இளசில் வெள்ளை, முற்றினால் இலேசான இளஞ்சிவப்பு. இனி தண்டைச் சுற்றி ஒரு குச்சியால் மண்ணை மெதுவாக விலக்குங்கள். தண்டு மண்மட்டத்தில் முடியாது. கெட்டியாக, நார்நாராக, மெலிந்துகொண்டே கீழே கீழே போகும், சில நேரம் முழ ஆழம்கூடப் போய் கறையான் கூட்டைத் தொடும். அந்த நீண்ட வேரும், அடியில் பை எதுவும் இல்லாததும்தான் நீங்கள் அன்றைக்கு மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியவை. அமனிட்டா என்கிற கொலைகாரக் குடும்பத்துக் காளான்களுக்குத் தண்டின் அடியில் முட்டை ஓடு உடைந்த மாதிரி ஒரு உறை இருக்கும். மண்மட்டத்தோடு ஒடித்துப் பறிக்கிறவர்கள் கண்ணில் அது படவே படாது. ஆகவே சந்தேகமான எதையும் அடியோடு தோண்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு ஓலைப்பெட்டியே சரி. பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்து வீடு வருவதற்குள் கொழகொழத்துவிடும். தெரியாத காளானைப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்தால் தனியாகக் காகிதத்தில் சுற்றி வேறு பையில் வையுங்கள், சமையலுக்குப் போகிற பெட்டியில் அது ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது. முழங்கால் வரை மூடுகிற உடுப்பு, செருப்பு வேண்டாம், ஷூ, கையில் டார்ச்சும் கம்பும். புற்றடியில் நல்ல பாம்பு இருக்கும், புல்லுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும், கை விடுவதற்கு முன் கம்பு போக வேண்டும். புற்றை இடிக்காதீர்கள், கூடு அழிந்தால் அடுத்த வருஷம் காளான் இல்லை.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோப்பு, வயல் வரப்பு, குளக்கரை வரைக்கும் நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். உங்கள் பக்கம் நெல்லை வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதும் அங்கிருந்து எதையாவது எடுத்து வருவதும் குற்றம். யானையும் கரடியும் நடமாடுகிற மலையடிவாரத்தில் விடியாத நேரத்தில் திரிவது அதைவிடப் பெரிய ஆபத்து.

சரி, கொண்டு வந்தாயிற்று. அன்றே சமைத்துவிடுங்கள், புற்றுக் காளானில் மத்தியானத்துக்குள் புழு வைத்துவிடும். மண் போகக் கழுவி, வேர்ப் பக்கத் தோலைச் சுரண்டி, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். பச்சையாக எந்தக் காட்டுக் காளானும் வேண்டாம். முதல் முறை நீங்கள் ஒரு கரண்டிதான் சாப்பிட வேண்டும், குழந்தைகளுக்கு இந்த முறை கிடையாது. சமைக்காத காளான் ஒன்றிரண்டைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள், யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் மருத்துவர் கேட்கும் முதல் பொருள் அதுதான்.

ஆச்சியே "இது எனக்குத் தெரியலையேம்மா" என்று ஒன்றைத் தள்ளினால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்னால் புல்தரையில் தட்டு அகலத்துக்குப் பெரிய பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. மேலே பழுப்புச் செதில். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. சாப்பிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பொருந்துவது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். மழைக்குப் பிறகு பூங்கா, பள்ளி மைதானம், வீட்டுப் புல்வெளி என்று எல்லா இடத்திலும் வருவது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைக் கவிழ்த்துவிடும். இளசாக இருக்கும்போது இதன் மடிப்புகளும் வெள்ளைதான், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். நன்றாக விரிந்த காளான் ஒன்றின் தண்டை வெட்டிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு காகிதத்தில் கவிழ்த்து வையுங்கள். காகிதத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருந்தால் நல்லது. மேலே ஒரு பாத்திரத்தை மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் மடிப்புகளின் வரிவரியான அச்சு தூளாகப் படிந்திருக்கும், அதுதான் காளானின் வித்து. உங்கள் காளானுக்கு அது மங்கிய பச்சையாக வரும் என்று நினைக்கிறேன், வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அமனிட்டாவுக்கு வெள்ளை வரும், புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு வந்துவிட்டது, நல்ல காளான்தான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். என்டலோமா என்ற நச்சு வகைக்கும் அதே நிறம்தான் வரும். வித்து நிறம் ஒரு காளானை ஒதுக்கத்தான் உதவும், சட்டியில் போட அனுமதி தராது.

அப்புறம், தொட்டுப் பார்க்கப் பயப்பட வேண்டாம். தொடுவதால் விஷம் ஏறாது. சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: காளான் வேகும்போது வெள்ளிக் காசு போட்டால் விஷம் இருந்தால் கறுத்துவிடும், பூண்டு நிறம் மாறும், புளியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்தால் விஷம் முறியும், பூச்சி கடித்த காளான் நல்லது என்றெல்லாம் எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, தருமபுரி

பதில்: ஒன்றையும் நம்பாதீர்கள். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால், காளானின் விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மனிதனைக் கொல்கிற காளானை நத்தையும் பூச்சியும் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். கொல்லும் அமனிட்டாக்களில் உள்ள அமடாக்சின் கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அழியாது, புளி மஞ்சள் எதற்கும் அசையாது. சுவையும் கெட்டதாக இருக்காது, சாப்பிட்டவர்கள் ருசியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விஷத்தின் நடத்தையைத் தெரிந்து வைத்திருப்பது உயிரைக் காப்பாற்றும். சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், பல சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும்தான், வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாளில் அது தணிந்து "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும், மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலையோடு ஆள் சாய்வார். அதனால் காட்டுக் காளான் சாப்பிட்டவருக்கு நேரம் கழித்து வயிற்றுப்போக்கு வந்தால் சாதாரண அஜீரணம் என்று கைவைத்தியம் பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்கே போய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்ட எல்லாரையும், ஒன்றும் ஆகாதவர்களையும், அழைத்துப் போங்கள்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். கறிக்குக் காளான் பறிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. வீட்டுச் சோதனைகளை நம்பச் சொல்லிக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அலுவலக நண்பர்கள் காட்டுக்குக் காளான் எடுக்கப் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் சின்ன வயதில் பாட்டியோடு காளான் பறித்த பழக்கம் எனக்கு உண்டு. அது உதவுமா?
– வாசகர், ஜெர்மனி

பதில்: நடக்கவும் குனிந்து தேடவும் உதவும். அடையாளம் காண உதவாது, சொல்லப்போனால் அதுதான் ஆபத்து. 2011 டிசம்பர் 31 இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு விருந்தில் காட்டில் பறித்த காளானைச் சாப்பிட்ட இருவர் சில நாளில் இறந்துபோனார்கள். சமைத்தவர் சீனாவிலிருந்து வந்த சமையல்காரர், இறந்த இருவரில் அவரும் ஒருவர். ஆசியாவில் எல்லாரும் உண்ணும் வைக்கோல் காளானும், ஐரோப்பிய ஓக் மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்த டெத் கேப் என்ற அமனிட்டாவும் மொட்டுப் பருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் காளானின் சொந்த ஊரே நீங்கள் இருக்கிற ஐரோப்பா. ஓக், பீச் மரத்தடிகளில் சாதாரணமாக முளைக்கும். ஒரு காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

ஜெர்மனியில் ஒரு நல்ல வசதி உண்டு. பல ஊர்களில் தேர்ச்சி பெற்ற காளான் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பறித்த கூடையைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்கள். நண்பர்கள் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் முதல் கூடையை அவர்களிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். போனில் படம் பிடித்தால் பெயர் சொல்கிற செயலிகளை வைத்துச் சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள், தண்டின் அடியும் வாசனையும் வித்தும் அந்தப் படத்தில் இல்லை. சொந்தச் சமையலுக்குக் கொஞ்சமாக எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, இயற்கைக் காப்பிடங்களில் அதுவும் கிடையாது.

கேள்வி: நண்பர்களோடு கொடைக்கானல் போகிறோம். அங்கே காட்டில் போதைக் காளான் கிடைக்குமாமே?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அதைத் தேடிப் போகாதீர்கள். அதில் உள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, கையில் வைத்திருந்தாலே வழக்கு. அதே மாதிரிச் சின்னதாய்ப் பழுப்பாய் இருக்கும் கேலரினா வகைகளில் சில ஈரலை அழிப்பவை, இரண்டையும் பிரித்தறிய உங்களுக்கு யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பைன் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளான் மழைக்காலத்தில் முளைக்கும், அமனிட்டா மஸ்காரியா. அவ்வளவு அழகு. அதுவும் நச்சுதான். கிட்டப் போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பது உண்மையா? புற்றுக் காளானை வீட்டில் வளர்க்க முடியுமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: நம் ஊரில் கோடை மழையும் வடகிழக்குப் பருவத்தின் தொடக்கமும் இடியோடு வருகின்றன. அந்த மழையின் ஈரமும் திடீர்க் குளிர்ச்சியும்தான் காளானைக் கிளப்புவதில் பெரிய பங்கு வகிக்கின்றன. ஆனால் முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷிடாகே என்ற காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்து விளைச்சல் கூடியதைக் கண்டிருக்கிறார்கள்.

புற்றுக் காளானை வளர்க்க முடியாது. கறையான் இல்லாமல் அது விளைவதில்லை, பணம் போட்டால் வளர்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் வெயிலுக்குப் பால் காளான் நன்றாக வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏபிகே 2 என்ற ரகம் 30 டிகிரிக்கு மேலும் தாங்கும். வைக்கோலை வேகவைத்து, ஈரம் வடித்து, பையில் அடுக்கி வித்து தூவ வேண்டும், இழை பரவியதும் மேலே மண் பரப்ப வேண்டும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேளுங்கள், வித்துப் பை எங்கே கிடைக்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.