நெருக்கடி வந்தால் சந்தை ஆய்வு வேலை போய்விடுமா?

மகள் சந்தை ஆய்வுத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள், இன்னொரு கொரோனா வந்தால் அந்த வேலைதானே முதலில் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். 2020 மார்ச்சில் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுப்பது பல நாடுகளில் சட்டென்று நின்றது. கள வேலையை மட்டும் நம்பியிருந்தவர்கள் வருமானம் இழந்தார்கள்.

ஆனால் ஆய்வு நிற்கவில்லை. நேர்காணல் போனுக்கும் இணையத்துக்கும் மாறியது, குழு உரையாடல் வீடியோவுக்குப் போனது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு அந்த ஏப்ரலிலேயே குடும்பங்களின் வேலை, வருமானம், உணவு பற்றி இணையத்தில் வாராவாரம் கேட்கத் தொடங்கிவிட்டது. கூகுள் மக்கள் நடமாட்டத் தரவை வெளியிட்டது.

சரி, வழியை மாற்றினால் போதுமா? போதாது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் தன் தொழிலாளர் ஆய்வைப் போனுக்கு மாற்றியதும், பதில் சொன்னவர்களில் சொந்த வீட்டுக்காரர்களின் பங்கு கூடியது, வாடகைக்கு இருப்பவர்களின் பங்கு குறைந்தது. அதைக் கவனித்து எடையிட்டு, அதாவது குறைவாக வந்தவர்களின் பதில்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1936-இல், பெருமந்தக் காலத்தில், 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை இதைக் கவனிக்காமல் விட்டது. போன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைப் பெரிதும் நம்பிக் கருத்துக்கணிப்பு நடத்தியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தும், அமெரிக்க அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொன்னது. அவர் அமோகமாக ஜெயித்தார். பதில் அனுப்பாதவர்கள் யார் என்பதும் அதில் ஒரு முக்கியக் கோளாறு.

யார் விடுபட்டுப் போனார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு நெருக்கடியில்தான் தேவை கூடுகிறது. அதனால் குறுகிய காலச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மாதிரி எடுத்தல் (யார் யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது), எடையிடுதல், கேள்வித்தாள் எழுதுதல் மூன்றையும் அவள் ஆழமாகப் படிக்கட்டும். தரவை அலச உதவும் கணினி மொழிகளில் ஆர் அல்லது பைத்தான், ஏதாவது ஒன்று போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் செலவைக் குறைக்கும்போது ஆய்வுக்கான பட்ஜெட்டிலும் கை வைக்கும். ஆகவே ஆய்வு நிறுவனங்களை மட்டும் குறி வைக்க வேண்டாம். வங்கி, நுகர்பொருள் நிறுவனம், மருத்துவத் துறை, அரசுப் புள்ளியியல் அலுவலகம் எல்லாவற்றிலும் இதே திறமைக்கு இடம் உண்டு.

இந்த விடுமுறையில் அவள் ஒரே கேள்வித்தாளைப் பாதிப் பேரிடம் நேரிலும் மீதிப் பேரிடம் போனிலும் கேட்டுப் பார்க்கட்டும். பதில்கள் எங்கே மாறுகின்றன, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அப்புறம் பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.