சேவல், கோழி, குஞ்சு, வான்கோழி எல்லாம் ஒரே கொல்லையில் மேய்ந்தால் எந்த ஆர்கானிக் தீவனம் பொருந்தும்?

கேட்டவர் காரைக்குடிப் பக்கத்துக்காரர். பழைய வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தில் சிறுவிடைக் கோழிகள், ஒரு பெருவிடைச் சேவல், சில கருங்கோழிகள், ஒரு ஜோடி வான்கோழி, இரண்டு மாதம்கூட ஆகாத குஞ்சுகள் என்று கலந்து வளர்க்கிறார். கடையில் ‘ஆர்கானிக் லேயர் தீவனம்’, அதாவது முட்டைக்கோழித் தீவனம், என்று ஒரு மூட்டையைக் காட்டினார்களாம். அதையே எல்லாவற்றுக்கும் போடலாமா என்று கேட்கிறார்.

போட வேண்டாம். வளரும் கோழிக்கான தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக வையுங்கள். கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். கலந்து வளர்ப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காரணம் கால்சியம். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டுமே ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது என்பதால் முட்டையிடும் கோழிக்கு அது தேவைதான். ஆனால் வளரும் குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். அதைப்போல மூன்று நான்கு மடங்கு தினமும் உள்ளே போனால் குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்துவிடும். குஞ்சு ஏன் செத்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை, சீக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். சேவலுக்கும் இவ்வளவு கால்சியம் வேண்டியதில்லை. முட்டையிடாத பறவை அது, கூடுதல் சுண்ணாம்பை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

தனியாக வைத்தால் எது சாப்பிடும், எது சாப்பிடாது என்ற கவலை வேண்டாம். எங்கள் வீட்டில் மண்சட்டியில் கிளிஞ்சல் வைத்திருக்கிறோம். சாயங்காலம் அடையப்போகும் நேரத்தில் முட்டையிடுகிற கோழிகள் வந்து நின்று நிதானமாகப் பொறுக்கும். சேவல் ஒரு துண்டைக் கொத்திப் பார்த்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். அடையில் இருக்கிற கோழி அந்தப் பக்கமே வராது. முட்டையிடுகிற கோழிக்குத் தன் தேவை தெரியும். முட்டையின் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, அதனால் சாயங்காலம் சட்டியில் கிளிஞ்சல் இருப்பது முக்கியம். மாவாக இடிக்காதீர்கள். குருணை அளவில் இருந்தால் அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் வீடுகளின் சுவரைக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஞாபகத்தில் சிலர் சுட்ட சுண்ணாம்பையே கோழிக்கு வைக்கிறார்கள். அது வாயையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். சுடாத கிளிஞ்சல்தான் கோழிக்கு. அது கிடைக்காத நாளில் வீட்டு முட்டை ஓட்டையே கழுவி, வாணலியில் வறுத்து, நொறுக்கிப் போடலாம்.

அடுத்து மூட்டை. ‘இயற்கை’, ‘ஹெர்பல்’, ‘கெமிக்கல் இல்லாதது’ என்றெல்லாம் போட்டிருந்தால் அதற்குச் சட்டப்படி ஒரு அர்த்தமும் இல்லை. நம் நாட்டில் சான்றளிக்கும் முறை தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். 2001-இல் தொடங்கியது, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்துகிறது. அதன்படி சான்று பெற்ற பொருளில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையும், சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வான்கோழி வைத்திருப்பதால் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறேன். சாதாரண குஞ்சுத் தீவனத்திலும் பிராய்லர் தீவனத்திலும் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க சாலினோமைசின் மாதிரி மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. கோழிக்கு அது பழகியது. வான்கோழிக்கு அதே மருந்து விஷம், கால் விழுந்து செத்துப்போகும். ஒரே தட்டில் தின்கிற இடத்தில் மருந்து சேர்த்த மூட்டையைப் பிரிக்கவே கூடாது. உங்களுக்கு ஆர்கானிக் தீவனம் வேண்டும் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணமே இதுதான்.

சரி, சான்று உள்ள மூட்டையே கிடைத்துவிட்டது என்றால் பிரச்சினை தீர்ந்ததா? புரதம் எவ்வளவு என்று பாருங்கள். கலந்து மேயும் கூட்டத்துக்கு 16, 17 சதவீதம் இருந்தால் போதும். அப்புறம் அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஆர்கானிக் தீவனம் தடுக்கி விழுகிற இடம் மெத்தியோனின். இறகுக்கும் முட்டைக்கும் வேண்டிய அமினோ அமிலம் அது. கடலைப் புண்ணாக்கிலும் சோயாவிலும் குறைவு. சாதாரணத் தீவனத்தில் செயற்கை மெத்தியோனினைக் கலந்து ஈடுகட்டுவார்கள். நம் ஆர்கானிக் விதிகளில் அதற்கு அனுமதி இல்லை. ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பானை ஊற்றி எண்ணெய் எடுத்த புண்ணாக்குக்கும் அனுமதி இல்லை. மெத்தியோனின் குறைந்தால் முட்டை சிறுக்கும், இறகு ஒழுங்காக முளைக்காது, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கும்.

நம் பக்கத்தில் இதற்கு இரண்டு நல்ல விடைகள் இருக்கின்றன: எள்ளுப் புண்ணாக்கும் உப்பில்லாக் கருவாடும். இந்த இரண்டையும் நம்பித்தான் மூட்டை வாங்குவதைவிட வீட்டில் கலப்பதே மேல் என்கிறேன். மரச்செக்கு வைத்திருப்பவரிடம் எள்ளும் கடலையும் எந்த விவசாயியிடமிருந்து வந்தது என்று கேட்க முடியும். தொண்டிப் பக்கம் சின்ன மீன்களை உப்பிடாமல் மணலில் காயவைத்துக் கோழிக்கென்றே தருவார்கள். சமையலுக்கு விற்கிற உப்புக் கருவாட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள், கழிச்சலில் கொண்டுபோய் விடும்.

நூறு கிலோவுக்கு நான் சொல்லும் கணக்கு இது: மக்காச்சோளம் 32, கம்பு 22, நொய் 8, தவிடு 12, கடலைப் புண்ணாக்கு 9, எள்ளுப் புண்ணாக்கு 8, கருவாட்டுத் தூள் 5, நிழலில் உலர்த்திய முருங்கை இலைத்தூள் 2, கிளிஞ்சல் தூள் 1, கோழிக்கான தாது உப்புக் கலவை முக்கால் கிலோ, சாப்பாட்டு உப்பு கால் கிலோ. புரதம் 16, 17-க்குள் நிற்கும், கால்சியமும் குஞ்சுக்கு ஆகிற அளவைத் தாண்டாது. மாட்டுக்கான தாது உப்பை இதில் போடாதீர்கள், அளவுகள் வேறு. கம்பைக் கூட்டி மக்காச்சோளத்தைக் குறைத்தால் மஞ்சள் கரு வெளிறும். அதனால் சத்து ஒன்றும் குறைவதில்லை, ஆனாலும் எங்கள் தெரு ஆச்சிமார்கள் முட்டையை உடைத்ததும் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். கீரையும் முருங்கையும் சேர்த்தால் நிறம் தானாக வந்துவிடும்.

புதுவயல் ஆலைகளில் நொய்யும் தவிடும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் பல ஊர் நெல் அங்கே கலக்கிறது, அதை ஆர்கானிக் என்று சொல்ல முடியாது. ரசாயனம் போடாமல் மானாவாரியில் ஒரு போகம் நெல் போடுகிறவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். அவர் அரைக்கும்போது தவிட்டையும் நொய்யையும் கேட்டு வாங்குங்கள். பச்சரிசித் தவிடு சில நாளிலேயே சிக்குவாடை அடித்துவிடும், புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம்: பூஞ்சை. ஆர்கானிக் என்ற முத்திரை பூஞ்சையைத் தடுக்காது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் என்னவென்றே தெரியாத நோயில் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். கோழியைவிட வான்கோழியும் வாத்தும் இதற்குச் சீக்கிரம் பலியாகும். ஆகவே கடலைப் புண்ணாக்கு வாங்கும்போது ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உட்புறம் ஒரே நிறமாக, வறுத்த கடலை வாசத்தோடு இருக்க வேண்டும். நடுவில் பச்சையோ சாம்பலோ பூத்திருந்தால், ஈர மண் வாடை வந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பூத்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் போடுவதும், வெயிலில் காயவைத்துப் போடுவதும் பயனில்லை. பூஞ்சை போனாலும் நஞ்சு உள்ளே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும் அளவுக்குத் தீவனம் கலக்கவே கலக்காதீர்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று அதன் மேல் நேராக வைத்தால் அடி மூட்டை ஈரம் பிடிக்கும். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். கலவை பற்றிய யோசனைக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் நமக்குப் பக்கம்தான்.

இலுப்பைப் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு, பருத்திப் புண்ணாக்கு மூன்றும் கோழிப் பக்கம் வரவே கூடாது. முதல் இரண்டும் வயலுக்கு உரமாகட்டும்.

குஞ்சுகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு வேண்டும். எட்டு வாரம் வரை அவற்றுக்குப் புரதம் 20 சதவீதம் இருந்தால் நல்லது. பஞ்சாரத்தைச் செங்கல் வைத்து அரை அடி தூக்கிவிட்டால் குஞ்சுகள் கீழே நுழைந்துவிடும், பெரிய கோழிகள் வெளியே நிற்கும். அதற்குள் இதே தீவனத்தை நைசாக அரைத்து, கருவாட்டுத் தூளை ஒரு கை கூட்டி வையுங்கள். நம் வீடுகளில் பழைய கலயத்தில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, ராத்திரி மண்ணில் கவிழ்த்துவைத்துக் கரையான் பிடிப்பார்களே, அதற்கு ஈடான குஞ்சுத் தீவனம் எந்தக் கடையிலும் கிடையாது. காலையில் கலயத்தைத் தூக்கியதும் குஞ்சுகள் ஓடிவருகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

தோட்டத்தில் நன்றாக மேய்ச்சல் இருந்தால் பெரிய கோழிக்கு நாளுக்கு 50, 60 கிராம் போதும், அடைத்து வைத்தால் 100 கிராம் வரை தின்னும். சித்திரை வெயிலில் மத்தியானம் எதுவுமே தின்னாது, எனவே விடிந்ததும் பாதி, நாலு மணிக்கு மேல் பாதி என்று பிரித்துப் போடுங்கள். பழைய தீவனத்திலிருந்து ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரு வாரம் கலந்து கலந்து மாற்றுங்கள்.

வான்கோழியை அடை வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பொதுக் கணக்கு செல்லாது. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் 26 முதல் 28 சதவீதம் புரதம் வேண்டும். கோழிகள் மேய்ந்த மண்ணிலிருந்து அதற்குக் கரும்தலை நோயும் வரும். பொரிக்கும் முன்பே தனி இடமும் தனித் தட்டும் தயார் செய்துவிடுங்கள்.