அட்டையில் இளம்பச்சை, சுவரில் பச்சைப்பசேல்

கேள்வி: எங்களுடையது கும்பகோணத்தில் முப்பது வருடத்து வீடு. கீழ்த்தளம், சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. ஹாலுக்கு வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல். அதற்கு மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டின் நீலச் சுவர். இரண்டு வருடம் முன்பு ஷேட் கார்டு பார்த்து இளம்பச்சை அடித்தோம். அடித்த பிறகு ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிட்டது. தையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். பேசாமல் வெள்ளை அடித்துவிடலாமா? டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் மெரூன் வேண்டும் என்கிறார் என் கணவர்.

பதில்: கடைக்காரர் தவறான டப்பாவைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். அநேகமாகச் சரியானதைத்தான் கொடுத்திருப்பார். ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவுச் சதுரத்தை வெள்ளை அட்டையின் நடுவே பார்க்கிறோம். வீட்டிலோ நான்கு சுவர்களும் ஒன்றின் மீது ஒன்று பச்சையை எறிந்து நிறத்தை ஏற்றிவிடுகின்றன. போதாததற்கு உங்கள் தரை சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் கண்ணுக்கு இன்னும் பச்சையாகத்தான் தெரியும். மருதாணிக் கையில் பச்சை வளையல் எடுப்பாகத் தெரிவது இதனால்தான். ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் வானத்திலிருந்து நேராக வருவதல்ல, நீலச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது. ஆக, உங்கள் சுவரின் நிறத்தில் பெயின்ட் கம்பெனியின் பங்கு பாதிதான். தரையையும் ஜன்னலையும் மாற்ற முடியாது. நிறம் அவற்றுக்குப் பணிந்துதான் போக வேண்டும்.

வெள்ளை வேண்டாம். வருகிற வெளிச்சத்தை வெள்ளை திருப்பித் தரும், இல்லாததை உண்டாக்காது. வெளிச்சம் குறைந்த ஹாலில் அது மூலைகளில் சாம்பல் பூத்துக் காட்டும். உங்கள் ஜன்னலுக்கு நீலமும் ஏறும். பாலாடை நிறம், காடாத் துணி நிறம், மிக வெளுத்த சந்தனம், இவற்றில் தேடுங்கள். பிங்க் கலந்த க்ரீமைத் தவிருங்கள். அந்தச் சிவப்பைத் தரையே கொடுத்துவிடும். கடையில் எல்.ஆர்.வி. என்ற எண்ணைக் கேளுங்கள். விழுகிற ஒளியில் எவ்வளவைச் சுவர் திருப்புகிறது என்பதற்கான அளவு அது. கருப்புக்கு 0-வை ஒட்டி, வெள்ளைக்கு 100-ஐ ஒட்டி இருக்கும். இந்த ஹாலுக்கு 65 முதல் 80 வரை என்பது என் கணக்கு. சீலிங்குக்கும் ஜன்னல் குழிவின் பக்கங்களுக்கும் மட்டும் பளிச்சென்ற வெள்ளை. பக்கத்து வீட்டார் சம்மதித்தால் உங்கள் செலவிலேயே அந்த நீலச் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, உள்ளே எந்த நிறம் மாற்றினாலும் இந்த அளவு வெளிச்சம் கிடைக்காது.

மனசுக்குப் பிடித்த இரண்டு மூன்று நிறங்களைச் சின்ன டப்பாவில் வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். சுவரில் நேராக அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள பச்சை கண்ணை ஏமாற்றும். அட்டையைத் தரையை ஒட்டி ஒரு முறை, ஜன்னலுக்கு எதிரே ஒரு முறை, காலை பத்து மணிக்கும் இரவு விளக்கிலும் பாருங்கள். ஹாலில் இருப்பது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு என்றால் (விளக்கொளியின் நிறத்துக்கான அளவு இது, பெட்டியில் போட்டிருக்கும்; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) எந்தச் சந்தனமும் வெளிறித்தான் போகும். விளக்கை 4000-க்கு மாற்றிய பிறகு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

மெரூன் விஷயம். டிவி சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தால் கூடவே கூடாது; உள்ளே வரும் வெளிச்சத்தை வாங்கி அறைக்குப் பங்கிடுவது அந்தச் சுவர்தான். பக்கவாட்டுச் சுவராக இருந்தால் தடுக்க மாட்டேன். ஆனாலும் சிவப்புத் தரைமேல் மெரூன் எனக்குப் புழுக்கமாகத் தோன்றுகிறது. அவருடைய ஆசைக்குப் படுக்கையறை இருக்கிறதே!

தை என்பதால் இன்னொன்று. கார்த்திகை மழை குடித்த சுவரில் அவசரமாக அடித்தால் பங்குனிக்குள் பொரிந்துவிடும். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்தால் ஓதம் போகவில்லை. பெயின்டரை வரச் சொல்லாதீர்கள். காய்ந்திருந்தால் பட்டி பார்த்து, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட் கட்டாயம். இல்லாவிட்டால் க்ரீமுக்கு அடியிலிருந்து பழைய பச்சை எட்டிப் பார்க்கும். மேலே மேட் எமல்ஷன் போதும். பளபளப்பு வகை பழைய பூச்சின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். சுரண்டும்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சுவரின் அடி அடுக்குகள் அதற்கு மிக முந்தியவை. சுவரை நனைத்து, ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஹால் 12க்கு 14, உயரம் 10 அடி என்றால் சுவர்கள் 520 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் 440 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று கொண்டால் நாலரை லிட்டர் ஆகும். டப்பாவில் லிட்டருக்கு இதைவிட அதிகச் சதுர அடி போட்டிருப்பார்கள். அது வழுவழுப்பான சுவருக்கான கணக்கு. ஐந்து லிட்டராக ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் தீர்ந்து மறுபடி கலந்து வாங்கினால் இரண்டு சுவருக்கும் நிறம் இம்மி வித்தியாசப்படலாம். மிச்சத்தை இறுக்கி மூடி, நிறத்தின் எண்ணை மூடிமேல் எழுதி வையுங்கள். நிச்சயதார்த்தப் பந்தலுக்கு நாற்காலி இறக்குகிறவர்கள் எப்படியும் ஒரு கீறலாவது போட்டுவிட்டுத்தான் போவார்கள்.